அத்தைக்கு ஒரு கத்தி

ஜூன் 9, ஞாயிறு

மருந்து கம்பெனிக்காரர்கள் ஓசியில் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் இருமல் மருந்து விளம்பரம். ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத விஷயம் கிடைத்திருக்கிறது. அத்தைக்கு ஒரு கத்தி செய்யப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் கத்தி செய்கிறவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கார் நிறுத்துகிற ஷெட்டில் காரை வெளியே தள்ளிவிட்டுக் கரியடுப்பும் இரும்பு தேய்க்கிற கிரைண்டரும் வைத்திருக்கிறேன். நான் செய்து கொடுத்த கத்தியைத்தான் தெருவுக்கு வருகிற மீன்காரம்மா வைத்திருக்கிறாள். வஞ்சிரத்தை வெட்டும்போதெல்லாம் என் பெயரைச் சொல்கிறாளாம். பொழுதுபோக்கு என்றால் இப்படி ஒருத்தர் வாயில் பெயர் விழ வேண்டும்.

அத்தை கதை வேறு. மே மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடக்கிறார். ஆனால், இனி ஆயுசுக்கும் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை வீட்டுக்கு வந்ததும் அடுப்படி மூலையில் இருந்த அரிவாள்மனையைப் பார்த்தார். "ஏளா வடிவு, அதத் தூக்கிப் பரண்ல போடு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து டிவி ஓடுகிறது, அவர் அதைப் பார்ப்பதில்லை.

இன்று மதுரையிலிருந்து காந்திமதி மதினி போன். என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. ஆடி பிறக்குமுன் அம்மையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாராம். ஆடியில் வீடு மாறக் கூடாதாம். அத்தையும் சரி என்றுவிட்டார்.

"ஏன் அத்தை, இங்க என்ன கொறச்சல்?" என்று கேட்டேன்.

"அங்க சமையலுக்கு ஆளு இருக்கு. நான் காய் வெட்டணும்னு யாரும் எதிர்பாக்க மாட்டாவ. இங்க நீ கடைக்கும் ஓடி, அடுப்படியிலயும் நின்னு சாவுத. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

போகட்டும். மகள் வீடுதானே, எனக்கென்ன. அத்தை அறை காலியானால் கிரைண்டரை உள்ளே கொண்டு வந்துவிடலாம். கிழக்கு ஜன்னல், நல்ல வெளிச்சம்.

ஆனாலும் கத்தி செய்வேன். நின்றுகொண்டு வெட்டுகிற மாதிரி, கைக்கு அடக்கமாக. என் வீட்டில் காய் வெட்ட முடியவில்லை என்று ஒருத்தர் கிளம்பினால் மீன்காரம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது?

ஜூன் 13, வியாழன்

மரமில்லில் உடைந்த ரம்பத் தகடு வாங்கி வந்தேன். பழைய ரம்பம் போல நல்ல இரும்பு கடையில் கிடைக்காது. காகிதத்தில் கத்தி வரைந்து, அதைத் தகட்டில் ஒட்டி, வெட்டியாயிற்று. அத்தை உள்ளங்கையை அளந்து பார்த்தேன். "என்னளா, வளையல் வாங்கப் போறியா?" என்றார்.

ஜூன் 15, சனி

கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தேன். கரியடுப்பில் தகட்டை வைத்து, என் ஹேர் டிரையரால் காற்று விட்டு, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கவைத்து, எண்ணெயில் முக்கினேன். எண்ணெய், போன மாதம் வடை சுட்டது. தெருவே மணத்தது. எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து, "என்ன விசேசம் வடிவு?" என்றாள். "இரும்பு வடை" என்றேன்.

முக்கி எடுத்த தகடு ரொம்பக் கடினமாக இருக்கும். அப்படியே விட்டால் கீழே விழுந்து இரண்டாகப் போகும். கேக் சுடுகிற ஓவனில் மிதமான சூட்டில் வைத்துக் கோபத்தைத் தணிக்க வேண்டும். வைக்கோல் நிறத்தில் வந்தால் சரி. வந்தது. எனக்கு எப்போதும் வரும்.

ஜூன் 16, ஞாயிறு

பூவரச மரத்தில் பிடி போட்டு, தீட்டி முடித்துவிட்டேன். மேடைமேல் வைத்த தக்காளியை நான் பிடிக்காமலே மேல் தோலைச் சீவியது. இப்படி ஒரு கத்தி நான் செய்ததே இல்லை. எழுதும்போதே ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அத்தையிடம் நீட்டினேன். கை நீட்டவில்லை.

"கீழ வை, எடுத்துக்கிடுதேன். கத்தியக் கையில குடுக்கக் கூடாது. பிரிவு வரும்."

"அத்தை, நான் ஊருக்கெல்லாம் கையிலதான் குடுத்திருக்கேன். யாரு பிரிஞ்சா?"

"ஒம் புருசன் கப்பல்லலா கெடக்கான்" என்றார்.

இந்த வீட்டில் வாயில் ஜெயிக்க முடியாது. அவர் கப்பலில் இருப்பது சம்பளத்துக்கு, என் கத்தியால் அல்ல என்று எடுத்துச் சொன்னேன். அத்தை சிரித்தார். விழுந்ததிலிருந்து முதல் தடவை. சிரித்துக்கொண்டே, "சரி, குடு. ஒனக்காக" என்று கையில் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். மேடைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நாளைக்கு வெட்டுவார்.

ஜூன் 18, செவ்வாய்

வெட்டவில்லை. நான் அவியல் வைத்தேன். அத்தை ஒரு வாழைக்காய்த் துண்டைத் தட்டில் புரட்டிப் பார்த்தார். "இது அவியலா, ஆட்டுக்குத் தீவனமா?" என்றார். அவியலுக்கு எல்லாக் காயும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்கணுமாம். கடைக்கு நேரமாகிவிட்டது, யாருக்கு விரலை அளக்க நேரம் என்றேன். ஆனால் தீவனத்தை இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டார்.

ஜூன் 21, வெள்ளி

கடையில் இருந்தேன். எதிர்வீட்டு மாமி போன் செய்தாள். ஓடி வந்தேன்.

அத்தை தனியாகக் கத்தியை எடுத்து வெட்டிப் பார்த்திருக்கிறார். கத்தரிக்காய். இடது கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் நிற்கவே இல்லை. மேடை, தரை, சேலை எல்லாம். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா, அதனால்தான் நிற்கவில்லை. அந்த மாத்திரையைத் தினமும் காலையில் என் கையால்தான் கொடுக்கிறேன்.

ஆட்டோவில் கிளினிக் போனோம். தையல் போட்டார்கள். நான் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அத்தை, "ஒன் சேல பூரா ஆவுது, விடு" என்றார். விடவில்லை.

கத்தியில் ஒரு குறையும் இல்லை. தெளிவாக எழுதி வைக்கிறேன். கத்தியில் குறையில்லை.

மதினிக்கு அத்தையே போனில் சொல்லிவிட்டார். மதினி என்னைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். "வயசான மனுசி கையில இப்படி ஒரு கத்தியக் குடுப்பாளா ஒருத்தி? மருந்துக்கடை வச்சிருக்கியே, மூள வேண்டாம்?" ஜூலை பதினாலு ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறாராம். போனைக் காதில் வைத்துக்கொண்டே மேடையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தேன். பேச எனக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 22, சனி

கடை. கட்டுப் பிரித்து மருந்து வைத்தேன். ரசம்.

ஜூன் 23, ஞாயிறு

கத்தியைப் பழைய துணியில் சுற்றி ஷெட்டில் போட்டுவிட்டேன். அத்தை, "எங்க அது?" என்றார். "அதுக்கு என்ன இப்ப" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கையில வாங்கினேம்லா, அதான்" என்றார், என் பக்கம் பழி வராத மாதிரி.

சாயங்காலம் அறையை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட விரலைத் தலையணைமேல் தனியாகத் தூக்கி வைத்திருந்தார். அளக்காமல் வந்துவிட்டேன். நாளைக்கு அளந்தால் போச்சு.

ஜூன் 26, புதன்

அவர் கப்பலிலிருந்து பேசினார். அம்மாவுக்கு ஆன்லைனில் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறாராம். அடுப்பு மேடைமேல் வைத்து வெட்டுகிற அரிவாள்மனை. கத்தி செய்கிற பொண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு ஆன்லைனில் அரிவாள்மனை வாங்குகிற மனுஷன். அதையும் ஆர்டர் போட்டுவிட்டு அப்புறம்தான் சொல்கிறார்.

ஜூன் 29, சனி

வந்தது. தகரம். மேடைமேல் வைத்து ஒரு வெண்டைக்காயை அழுத்தினால் எழுந்து ஆடுகிறது. அது ஆடாவிட்டாலும் பிரயோஜனமில்லை. அத்தை மேடை முன்னால் நின்றால் அலகு மூக்குக்கு நேராக வருகிறது. உங்கள் அம்மா என்ன உயரம் என்று ஒரு வார்த்தை யோசித்தீர்களா என்று அவருக்கு மெசேஜ் போட்டேன். சிரிக்கிற பொம்மை அனுப்பினார்.

சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். அது நன்றாக இருந்திருந்தால் எனக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

ஜூன் 30, ஞாயிறு

இன்றைக்கு ஒன்று புரிந்தது. விவரமாக எழுதுகிறேன்.

தையல் பிரித்தாயிற்று. சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, "அத்தை, அன்னைக்கு எப்படி வெட்டுனீங்க, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன். கத்திக்குப் பதில் ஒரு கரண்டி, ஒரு வெள்ளரிக்காய்.

"என்னத்தக் காட்ட. எல்லாரும் வெட்டுத மாதிரிதான்."

காட்டினார். வலது கை கரண்டியைக் கொண்டுவந்தது. அதே நேரத்தில் இடது கை வெள்ளரிக்காயைக் கரண்டியை நோக்கித் தள்ளியது. மறுபடியும் செய்யச் சொன்னேன். மறுபடியும் தள்ளியது. காயை அசைக்காமல் வையுங்கள் என்றேன். வைத்தார். பேச்சுக் கொடுத்ததும் கை தானாகப் போய்விட்டது.

அரிவாள்மனையில் அலகு நிற்கும், காய்தான் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அதற்கும் முன்னாலிருந்து, அந்தக் கை காயைத் தள்ளியே பழகியது. நானோ ஓடுகிற அலகைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கத்தி இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, விரல் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

கத்தியில் குறையில்லை என்று எழுதியிருந்தேன். இல்லைதான். கை எப்படிப் போகிறது என்று பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் அளந்தேனே, அந்த அறிவைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு காயைத் தள்ள அலகு வேண்டும். செய்துவிடலாம். நான் செய்யாமல் யார் செய்வது?

ஜூலை 3, புதன்

பரணிலிருந்து பழைய அரிவாள்மனையை இறக்கினேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. எதிர்வீட்டு மாமிதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள்.

பலகையில் ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. காலால் அமுக்கிப் பிடித்த இடம். தகரத்தில் இல்லாதது இதுதான். மேடைமேல் வைத்தால் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? தரையில் அந்த ஆளே பாரமாக இருந்து பிடிக்கிறார்.

பாரம் என்றால் நாற்காலியிலும் பாரம்தானே. ஆபரேஷன் இடது பக்கம். வலது தொடை சும்மாதான் இருக்கிறது. நீளமாக ஒரு பலகை. ஒரு முனை நாற்காலியில், வலது தொடைக்கு அடியில். மறுமுனை முன்னால் இருக்கிற ஸ்டூலில், அங்கே அலகு. தட்டும் அங்கேயே. குனிய வேண்டாம். எழுந்திருக்கும்போது இடறக் கூடாது என்றால் அலகை மடக்கிப் பூட்டவும் நிமிர்த்திப் பூட்டவும் ஒரு கொக்கி.

நாற்காலியை அளந்தேன். அலகின் வளைவைக் காலண்டர் தாளில் வரைந்துகொண்டு பழையதை மறுபடி பரணில் போட்டுவிட்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால், இவள் நம்மை நிறுத்தப் பார்க்கிறாள் என்று நினைப்பார். நான் யாரையும் நிறுத்தவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகட்டும் என்றுதான் செய்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

அலகு வீணாகிவிட்டது. எண்ணெயில் முக்கியதும் வாழைப்பழம் மாதிரி பக்கவாட்டில் கோணிக்கொண்டது. ஒரே பக்கமாகச் சாய்த்து முக்கியது என் அவசரம். போட்டு மிதிக்கலாம் போல வந்தது. மிதித்தேன். கால்தான் வலிக்கிறது.

ரம்பத் தகட்டில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. ஒன்றே ஒன்று.

"என்னளா ஷெட்டுல எந்நேரமும் டங்கு டங்குன்னு?" என்றார் அத்தை.

"மீன்காரம்மாவுக்கு ஒண்ணு."

"நல்ல மீன்காரி" என்றார்.

ஜூலை 10, புதன்

இரண்டாவது அலகை நேராக இறக்கினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோணவில்லை! வைக்கோல் நிறம். ஓவன் முன்னால் உட்கார்ந்து கேக்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை என் கைதான்.

அத்தை பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். மாத்திரைகளை வேளை வேளையாகப் பிரித்து, உறையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மதினிக்கு எது எப்போது என்று தெரியாது. எழுதியதையே திரும்ப எழுதினேன்.

ஜூலை 13, சனி

எல்லாம் முடிந்தது. வேங்கைப் பலகை. கொக்கியை இரண்டு தரம் கழற்றி மாட்டிவிட்டேன், 'டக்' என்று விழுகிறது. நான் உட்கார்ந்து வெட்டிப் பார்த்தேன். பலகை அசையவில்லை. பூசணிக்காயை வெட்டியபோதுகூட.

கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காரில் ஏற்றிவிடுவேன். அறை நாளைக்குக் காலி. டேப்பைத் தேடினேன், காணவில்லை. நானே எங்கேயோ வைத்திருக்கிறேன். தேடவும் தோன்றவில்லை.

அத்தை போவது எனக்குப் பிடிக்கவில்லை. இருமல் மருந்து விளம்பரத்துக்கு மேலே எழுதுகிறேன், எவன் படிக்கப் போகிறான். பிடிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மதினி காலையிலேயே வந்துவிட்டார். காரில் பெட்டி ஏறிவிட்டது. என்னிடம் முகம் கொடுக்காமல், "மாத்திரையெல்லாம் வச்சிட்டியா?" என்றார். வைத்துவிட்டேன் என்றேன். அத்தை புதுச்சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாக்கர் பக்கத்தில்.

நான் உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்தேன். "அத்தை, இந்தாங்க. நாற்காலியில உக்காந்தே வெட்டலாம். மதுரையில வச்சிக்கிடுங்க" என்று நீட்டினேன். பேச்சு நேராகத்தான் வந்தது.

மதினி, "மறுபடியுமா?" என்று குதித்தார்.

அத்தை மடக்கியிருந்த அலகைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், பலகையின் நீளத்தைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"மீன்காரிக்குன்னு சொன்ன?"

"அவளுக்கு வேற."

"கீழ வைளா."

"மடக்கித்தான் இருக்கு அத்தை. ஒண்ணும் செய்யாது. பிடிங்க."

"மடக்கினா என்ன, விரிச்சா என்ன. போன தடவ கையில வாங்கினேன். பாத்தேல்லா, மதுரைக்குப் பெட்டி கட்டியாச்சி. மறுபடியும் கையில வாங்க நான் என்ன கிறுக்கியா? கீழ வை."

ஸ்டூல்மேல் வைத்தேன்.

அத்தை அதை இழுத்து, ஒரு முனையைத் தன் வலது தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டார். நான் எப்படி என்று சொல்லவே இல்லை. அலகைத் தூக்கினார். கொக்கி 'டக்' என்று விழுந்தது. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், தழும்பு உள்ள விரலால்.

"வீட்டுல காய் என்ன கெடக்கு?"

"அம்மா, நேரமாச்சி. டிரைவர் நிக்கான்" என்றார் மதினி.

"நிக்கட்டும். அவனும் சாப்புடுவாம்லா. வடிவு, வாழைக்கா, கத்திரிக்கா, கேரட்டு, எல்லாத்தையும் கொண்டா. முருங்கக்கா இருக்கா?"

கொண்டு வந்தேன். அத்தை வாழைக்காயை இரண்டு கையாலும் பிடித்து அலகில் தள்ளினார். சர் சர் என்று விழுந்தது, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். கண் டிவியில் இருந்தது. முதல் தடவையாக டிவியைப் பார்த்துக்கொண்டு வெட்டினார். அதில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். "இவளுக்கு இதே சோலி" என்று திட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. மதினி முன்னால் அழுததுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப வரலியாம்மா நீ?" என்றார் மதினி.

"இவ ஆட்டுத் தீவனமாலா வெட்டுதா. நான் போனா எம் மவன் லீவுல வந்து எதத் திம்பான்? நீ உக்காரு. அவியல் சாப்பிட்டுட்டுப் போ."

மதினி டிரைவரையும் உள்ளே கூப்பிட்டார். அப்புறம் காருக்குப் போய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எனக்கும் முட்டி வலிக்கி வடிவு. இதே மாதிரி ஒண்ணு ஆவுமா?" என்று கேட்டார். பார்த்துச் செய்யலாம் மதினி என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு, நாற்காலியின் உயரத்தை அளந்து அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. கிரைண்டர் ஷெட்டிலேயே இருக்கட்டும். உள்ளே கொண்டு வந்தால் வீடெல்லாம் இரும்புத் தூசி, அத்தைக்கு இருமல் வரும்.

கீரைக்கு அலகில் கூர் இன்னும் பத்தாது என்று அத்தை காலையிலிருந்து சொல்கிறார். என் அலகைப் பார்த்துப் பத்தாதாம்! கடைக்குப் போகுமுன் தீட்டி, கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும்.